ஸ்டெல்லா சொன்னது சொன்னபடி

ஜூன் 10, செவ்வாய்
புழுக்கம். ஜன்னல் கம்பியில் மறுபடி எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல். இரண்டு முறை துடைத்தேன். பால், பி.பி. மாத்திரை, நூல்கண்டு வாங்க வேண்டும்.

பயிற்சி மையத்து அதிகாரி வந்தாள், சின்னப் பெண். இறால் உரிக்கும் பெண்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழாம். பள்ளிக்கூடம் போகாமல் கைப்பழக்கத்தில் கற்றதற்கும் மதிப்பு உண்டாம். எழுதத் தெரியாத பன்னிரண்டு பேர் சொல்ல, நான் எழுத வேண்டும். "உங்க கையெழுத்து அச்சு மாதிரின்னு ஃபாதர் சொன்னார்." இருக்கும். கான்வென்ட்டில் அடி வாங்கிய கை.

பட்டியலில் கடைசிப் பெயர் ஸ்டெல்லா. ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்
ஒன்பது வருடம் முன்பு, என் வீட்டுக்காரர் சவப்பெட்டியில் கிடக்கும்போது, தெருவே கேட்க ஸ்டெல்லா சொன்னது: "பாவம், மன்சன் ருசியா துன்னது எங்க வூட்லதான்." மறக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்தால் அவளுக்கு இறால் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. இல்லையென்றால் ஈரத்தரையில் குந்தி உரிப்பதுதான். உரிக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்
தேர்வு. சர்ச் ஹாலில் ஒரு மின்விசிறி ஓடவில்லை.

கேள்வி: இறால் கெட்டதை எப்படி அறிவீர்கள்? பதினொரு பேர் உளறியதையும் திருத்தி எழுதினேன்: "தலைப்பகுதி தளர்ந்து, கருமை படர்ந்து, நெடி வீசும்."

ஸ்டெல்லாவுக்குப் பொய் எழுத என் கைக்கு வராது. திருத்தாமல் விடலாமே. "தல கறுத்து, தொட்டாலே கயண்டுகினு வரும். மோந்தா கண்ணு எரியும். ஐஸு கொட்டி யார ஏமாத்துற?" ஓர் எழுத்து விடவில்லை. தோற்பாள்.

மத்தியானம் நல்ல தூக்கம்.

ஜூன் 24, செவ்வாய்
பதினொரு பேருடைய முடிவும் நிறுத்தம். எல்லார் விடையும் ஒரே வாக்கியம். யாரோ சொல்லிக்கொடுத்து ஒப்பித்ததாகச் சந்தேகம். தேறியது ஸ்டெல்லா மட்டும். "இவங்க வேலை செஞ்சு கத்துக்கிட்டது பேச்சிலயே தெரியுது." அதிகாரி.

மாலை ஸ்டெல்லா வாசலில். மறுபடி தெருவே கேட்க: "யக்கா, நான் சொன்னத மாத்தாம எய்தின பாரு. நீ மட்டும் இல்லன்னா நான் அவ்ளோதான்." கிண்ணத்தில் உரித்த இறால். கொட்டிவிட எடுத்தேன். ஒன்றில்கூடக் குடல் நரம்பு இல்லை. வறுத்தேன்.

ருசி. அதுதான் எரிச்சல்.

ஜூன் 25, புதன்
வெள்ளிக்கிழமை அந்தப் பதினொரு பேருக்கும் மறுதேர்வு. நானே எழுத வேண்டும், சொன்னது சொன்னபடி. எழுதியதை உரக்க வாசிக்கவும் வேண்டும். ஏற்கெனவே தேறியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்ப்பாராம்.

தேறியவள் ஒருத்திதான்.

கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன் நின்று வாசித்துப் பார்த்தேன். "கயண்டுகினு."

சரியாக வரவில்லை. மறுபடி.