மேல்தட்டில் ஏற்றிய பெட்டி

ஸ்ட்ரெதம் பஸ் தரிப்பில் இன்று எவனோ கராம்பு சிகரெட் பற்றவைத்தான். அந்த மணம் மூக்கில் ஏறியதுமே உமது நினைவு வந்து வாயெல்லாம் கசந்தது. நீர் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தபோது 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். சம்பளம் தந்த கந்தோர், வேறு வழியில்லை. இனி உமக்கு 'நீர்' போதும்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, கப்பல் வழக்குகளில் பெயரெடுத்த சொலிசிட்டர் நீர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உமக்கு டைப் அடித்தவள் நான். எண்பதுகளில் லண்டனில் தமிழ்க் கூட்டம் எங்கு நடந்தாலும் மேடையில் உம்மைக் காணலாம். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: பழைய மலாய்க்காரரின் கடல் சட்டம். "கடல்ல நக்கோடாதான் ராஜா" என்று தொடங்குவீர். நக்கோடா என்றால் கப்பல் தலைவன். "ஆனா புயல்ல சரக்கைத் தூக்கிப் போடணும்னா, அந்த ராஜாவே எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கணும். நெறைய வச்சிருக்கிறவன், கொஞ்சமா வச்சிருக்கிறவன், எல்லாரையும். கேக்காம போட்டா குத்தம் அவன் மேலதான். வெள்ளைக்காரன் சட்டத்துல இந்த மனுஷத்தனம் இருக்கா?" சபை கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன், மடைச்சி.

அந்தப் பேச்சை நம்பித்தான் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கந்தோருக்கு வந்தார். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்து மிச்சம் பிடித்து, மிளகாய்த்தூள் கடை போடுவதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து அரைக்கும் மிஷின் ஒன்றைக் கப்பலில் எடுப்பித்தவர். பிஸ்கே வளைகுடாவில் புயல். பாரம் குறைக்கக் கப்டன் மேல்தட்டிலிருந்த பெட்டிகளைக் கடலில் தள்ளிவிட்டான். மிஷின் போயிற்று. கீழறையில் இருந்த மற்றவர்களின் சரக்கெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

"என்ரை பெட்டியை மேலை வைச்சதே எனக்குத் தெரியாது, ஐயா. தள்ளுறதுக்கு முதல் ஒருத்தரும் கேக்கவுமில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. நீர் அவர் தோளில் கைபோட்டு, தேத்தண்ணி வருவித்துக் கொடுத்து, அதே பிரசங்கத்தை இன்னொரு தரம் செய்தீர். "உங்களைக் கேட்டிருக்கணும். அதுதான் நம்ம கடலோட சட்டம். கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்." மனிசன் கும்பிட்டுவிட்டுப் போனார். கீழறைச் சரக்குக்காரர்களின் வக்கீலே நீர்தான் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.

நீர் பார்த்துக்கொண்ட விதத்தை நான்தானே டைப் அடித்தேன்! கப்பலைக் காப்பாற்ற ஒருவன் சரக்குப் போனால், தப்பியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஈடு கொடுக்கவேண்டும் என்றுதான் இன்றைய சட்டமும் சொல்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. வழக்கத்துக்கு மாறாக மேல்தட்டில் ஏற்றிய சரக்குக்கு அந்த ஈடு கிடையாது. அந்த ஓட்டைக்குள் எவ்வளவு லாவகமாகப் புகுந்தீர்! பெட்டியை மேலே ஏற்றியவனைப் பிடிக்கலாமென்றால், சரக்கை ஏற்றி அனுப்பிய ஏஜென்சிக்காரன் கதவைச் சாத்திவிட்டு ஓடியிருந்தான். மனிசனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பினீர்.

"இது சரியோ, சேர்?" என்று கேட்டேன்.

"மேடை வேற, வேலை வேற லா" என்று உமது ஊர் 'லா' போட்டுச் சிரித்தீர்.

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோயில். சீ! ஒரு வெள்ளைக்கார வக்கீல் இதைச் செய்திருந்தால், அவன் தொழில் என்று விட்டிருப்பேன். அவன் தோளில் கைபோட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்க மாட்டான். நீரோ அடுத்த கிழமையே கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் மேடையேறி, எல்லாரையும் கேக்கணும் என்று முழங்கினீர். அன்று நான் கைதட்டவில்லை. நீர் அதைக் கவனித்திருக்கவும் மாட்டீர்.

உமது செத்தவீட்டுக்கு அவரும் வந்தார். இப்போதும் பெற்றோல் ஷெட்தான். கடை போடவே இல்லை. மாலை ஒன்று வாங்கி வந்து உமது காலடியில் வைத்துவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சட்டம் இடம் குடுக்கேல்லை. அதுக்கு ஆர் என்ன செய்யிறது? ஆனா மனிசன் எனக்காக நிண்டு வாதாடினவர், என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன்.

உமது மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன் என்று அங்கிருந்து பூரிக்காதீர். அந்தப் பொய்யை இன்றுவரை நான்தான் சுமக்கிறேன், அதுவும் உமக்காக இல்லை. மிஷின் போய், கடையும் போய், அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் தூக்கி எறிய எனக்குக் கை வரவில்லை. உமக்கு வந்திருக்கும்.