ஏறுவது இலவசம்

மார்ச் 11, சனி

உறைகள் போட்டாயிற்று. ஸ்டவாங்கர், ஓல்டன், ஓலசுண்ட், பெர்கன் என்று கப்பல் நிற்கும் நான்கு நார்வே ஊர்களுக்கும் தலா ஒரு பழுப்பு உறை, மேலே சிவப்பு மையில் பெயர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலமெல்லாம் வாரக் காசை இப்படித்தான் பிரித்து வைப்பேன். ஒரு பிள்ளையும் பட்டினி கிடந்ததில்லை. என் வீட்டுக்காரர் நெவிலுக்குச் சிரிப்பு. "உல்லாசப் பயணம் போறோமா, ரேஷன் வாங்கப் போறோமாடி?"

கப்பலில் சாப்பாடும் படுக்கையும் டிக்கெட்டிலேயே அடக்கம். தரையில் கால் வைத்தால்தான் செலவு. அங்கே ஒரு காபி விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்று மகள் கெர்ரி பயமுறுத்தியிருக்கிறாள். அதனால் காபிக் கடைக்குள் போகக் கூடாது. கப்பலின் காலைச் சாப்பாட்டிலிருந்து நாலு பன்னைக் காகிதத்தில் சுற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். ஃப்ளாஸ்கில் தேநீர். மலை ரயில், குட்டி வண்டி எதுவும் வேண்டாம். மலையேறிப் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை, ஆண்டவன் கால் கொடுத்திருக்கிறான். ஓர் உறையில் மிஞ்சினால் அது அடுத்த உறைக்கு.

போன வாரம் வரை உறைகள் எலும்பும் தோலுமாக இருந்தன. புலம்பித் தீர்த்தேன். இன்று நெவில் நானூறு பவுண்டைக் கொண்டுவந்து சமையல் மேஜையில் வைத்தார். பயணக் காப்பீடு மலிவாக முடிந்துவிட்டதாம், அதில் மிச்சமாம். "ஃபோன்ல பேசுற விதமா பேசணும்டி. உனக்கு அதெல்லாம் வராது."

சந்தையில் சொன்ன விலைக்கே மீன் வாங்கி வருகிற மனுஷன். இவர் பேரம் பேசினாராம். நம்ப முடியவில்லை. நம்பிவிட்டேன்.

ஏப்ரல் 22

நெவில் வாய் மணக்க ஒரு ஸ்ப்ரே வைத்திருக்கிறார். சின்னக் குப்பி. நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்கிறார். யாருக்கு முத்தம் கொடுக்கப் போகிறீராம் என்று கேட்டேன். எப்போதும் திருப்பிக் கொடுப்பவர், குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 4, வியாழன்

தபால் நிலையத்தில் பவுண்டை நார்வேக் காசான க்ரோனாக மாற்றினேன். கவுன்டரில் டோனா. "இவ்வளவுதானா? நார்வேல இது ரெண்டு நாள் தாங்காதே!"

"தாங்க வைப்போம்."

வீட்டுக்கு வந்து உறைகளை ஒட்டி, யாரும் கை வைக்காதபடி மேலே டேப்பும் போட்டேன்.

மே 20, சனி. நியூகாசில், கப்பலில்

ஏறிவிட்டோம். பெட்டியைத் தூக்க ஆள் வைத்தார் நெவில். டிப்ஸ் வேறு! என் கண் எதிரிலேயே! கல்யாணமான நாளிலிருந்து என் பெட்டியை வேறு யாரையும் தொடவிடாதவர்.

கப்பலுக்கு ஏறும் சாய்வுப் பாதையில் பாதி வழியில் நின்றார். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அறைக்கு வந்தபின்தான் கவனித்தேன். அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

மே 21, கடலில்

சாப்பாட்டு மேஜையில் எங்களோடு யூனிஸ் என்றொரு பெண். சண்டர்லாந்துக்காரி, புருஷன் இல்லை, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் பேசும்போது நெவிலின் உதட்டையே பார்க்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

மே 22, ஸ்டவாங்கர்

வெள்ளை மர வீடுகள், சரிவுச் சந்து. மேட்டில் ஏறும்போது நெவில் ஒவ்வொரு கடை ஜன்னலிலும் நின்றார். கம்பளிச் சட்டைக் கடை, சரி. பீங்கான் கடை, சரி. உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், எதையோ வாங்கப் போகிறார் என்று. கடைசியில் ஒரு பல் டாக்டர் ஜன்னலின் முன்னாலும் நின்றார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கண்ணாடியில் கை ஊன்றிக்கொண்டு, உள்ளே ஏதோ அற்புதம் நடப்பதுபோல.

கையைப் பிடித்து இழுத்தேன். சில்லென்று இருந்தது, ஈரமாக.

பன்னைத் துறைமுகத்து பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். உறை திறக்கவேயில்லை. எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் அந்தப் பல் டாக்டர் ஜன்னல் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மே 23, ஓல்டன். மாலை நாலு மணி

பனிமலை அடிவாரம் வரை பஸ். அதற்கு மட்டும் உறையைத் திறந்தேன். அங்கிருந்து மேலே போகத் திறந்த குட்டி வண்டிகள் ஓடுகின்றன. விலைப் பலகையைப் பார்த்தேன். நடப்போம் என்றேன். நெவிலும் பலகையைப் பார்த்தார், என்னைவிடக் கொஞ்சம் நேரம் கூடவே. பிறகு நடந்தார்.

முதல் வளைவிலேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டு வா. எனக்கு இங்கிருந்தே நல்லா தெரியுது." அங்கிருந்து ஒன்றும் தெரியாது, மரம்தான் தெரியும். கோபத்தில் நான் போய்விட்டேன். அவ்வளவு தூரம் வந்து பாறையில் உட்காருவதற்கா காசு கட்டினோம்? பனியைப் பார்த்தேன், படம் எடுத்தேன். திரும்பி வரும்போது அவர் முகம் வெந்த உருளைக்கிழங்கு நிறத்தில் இருந்தது. கீழே இறங்கும் வண்டியில் எங்களைத் தாண்டிப் போன யூனிஸ் கை அசைக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

எழுதினால்தான் மனசு ஆறும்.

நெவில் இனிப்பு எடுக்கப் போன சமயம் பார்த்து யூனிஸ் கேட்டாள். "ஏம்மா க்ளெண்டா, உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி எத்தனை நாளா?"

"நெஞ்சுவலியா? யாருக்கு?"

"அப்ப அந்த ஸ்ப்ரே எதுக்காம்?"

"அது வாய் நாத்தத்துக்கு."

முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அடியம்மா, வாழ்நாள் பூரா நர்ஸா இருந்தவ நான். அந்தக் குப்பி எனக்குத் தெரியும். நெஞ்சு இறுக்கிப் பிடிச்சா நாக்குக்கு அடியில அடிக்கிறது அது. இன்னைக்கு நீ மேல போனப்ப அந்தப் பாறைமேல உக்காந்து ரெண்டு தடவை அடிச்சார், வண்டியில இருந்து பார்த்தேன்."

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கேட்டேன். எல்லாம் சொன்னார். பிப்ரவரியிலிருந்து மேடேறினால் மார்பில் யாரோ உட்காருவதுபோல இருக்கிறதாம். டாக்டர் குப்பியைக் கொடுத்து, பெரிய பரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரி வரிசையில் பெயர் எழுதியிருக்கிறார். ஜூலையில்தான் முறை வரும். காப்பீட்டுக்காரன் ஃபோனில், ஏதாவது பரிசோதனைக்குக் காத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான். உண்மையைச் சொன்னதும் விலை எகிறிவிட்டது. வேறொருவனைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, குதிரை மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த காசுதான் அந்த நானூறு பவுண்டு.

அதைத்தான் நான் நாலாகப் பிரித்து உறையில் போட்டேன். அதைத்தான் டேப் போட்டுக் காவல் காத்தேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வருவியா? ஒரு வருஷமா இந்தக் கப்பல் படத்தை ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிருந்தியே."

கப்பல் டாக்டரிடம் போவோம் என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனா நாளைக்கே ஓலசுண்ட்ல இறக்கி விட்டுடுவாங்க. பொய் சொன்னது தெரிஞ்சா காப்பீட்டுக்காரன் ஒரு பென்னி தரமாட்டான். திரும்பி வர்ற செலவுக்கு வீடு போயிடும்டி. நாலே நாள். நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன். உக்காந்தபடியே ஊர் வந்து சேர்ந்துடறேன்."

தலையாட்டிவிட்டேன். பயத்தில். அவர் நெஞ்சைப் பற்றிய பயமா, வீட்டைப் பற்றிய பயமா? ரெண்டும்தான். எது பெரிசு என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மே 24, ஓலசுண்ட். காலை

கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. எதிரே செங்குத்தான குன்று, அடியிலிருந்து உச்சிவரை படிகள், நானூற்றுச் சொச்சமாம். நான் போகவில்லை என்றேன். நெவில் விடவில்லை. "போகலைன்னா நாள் பூரா எதிர்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருப்பே. அதைப் பார்த்தா இருக்கிற நெஞ்சும் நின்னுடும். மேல போய்க் கையசை. நான் சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு மேல்தளத்துல நிக்கறேன், தெரியும்."

ஓலசுண்ட் உறையை அப்படியே அவர் சட்டைப் பையில் வைத்தேன். "போர் அடிச்சா அந்தக் குட்டி ரயில்ல ஏறி வா. ரோட்டு வழியா உச்சியிலேயே கொண்டு விடுதாம். உக்காந்தே வரலாம்."

"பேசுறது க்ளெண்டாதானா? யாராவது ஆளை மாத்திட்டாங்களா?"

ராத்திரி நன்றாகத் தூங்கினார். காலையில் ரெண்டு முட்டை தின்றார். முகத்தில் நிறம் இருக்கிறது. கிளம்புகிறேன்.

மே 25, ஓலசுண்ட்

நெவில் இல்லை. நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உச்சியிலிருந்து கையசைத்தேன். மேல்தளத்தில் சிவப்புத் தொப்பி இல்லை. சந்தோஷப்பட்டேன். ரயிலில் வருகிறார் என்று நினைத்து அது நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு வண்டி வந்தது, அதில் இல்லை. அடுத்ததில் யூனிஸ் இறங்கினாள். "நெவில் எங்கே?" என்றாள். நான் அவளைத் திருப்பிக் கேட்டேன். ரெண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தோம்.

படிகளில், பாதிக்கும் மேலே, ஒரு வளைவில் கூட்டம். நடுவில் சிவப்பு.

எப்படி இறங்கினேன் தெரியாது. யூனிஸ் மண்டிபோட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் ஆட்கள் அவளைத் தூக்கி நகர்த்தும்வரை.

அவர் சாமான்களை ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடிகாரம், தொப்பி, அந்தக் குப்பி. உறை. நான் போட்ட டேப் போட்டபடியே இருந்தது.

ஏன்யா ஏறலை? கையில காசு இருந்துச்சே. நாந்தானே வெச்சேன்! ஏறி வான்னு என் வாயாலதானே சொன்னேன்? இல்ல, அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் என்னல்லாம் சொல்லி வெச்சேனோ, அது கேட்டுருக்கும் உனக்கு. ஏறுறதுக்குக் காசு கிடையாதுன்னு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது கப்பலின் சங்கு கேட்டது. பெர்கனுக்குப் போய்விட்டது.

ஜூன் 2, க்ரிம்ஸ்பி

கெர்ரி வந்து எங்கள் இரண்டு பேரையும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அங்கே எல்லாவற்றுக்கும் அவள்தான் கார்டை நீட்டினாள். நான் உறைகளை வெளியே எடுக்கவில்லை. நெவில் சொன்னது சரிதான். காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிட்டான். மேபிள்தார்ப் கடற்கரையில் விடுமுறைக்குப் போய்த் தங்கும் எங்கள் கேரவன் வீட்டை விற்கப் போகிறோம். சவப்பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள், எந்த மரம் என்று. நல்லதாகவே போடுங்கள் என்றேன். கெர்ரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூன் 20, செவ்வாய்

உறைகளை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. ரொட்டி டப்பாவைத் திறந்தால் கண்ணில் படுகின்றன. தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன்.

டோனாவுக்கு ஒன்றும் தெரியாது. "ஆச்சா டூர்? நல்லா சுத்துனீங்களா?" என்று கேட்டபடியே ஒவ்வொன்றாக வாங்கினாள். ஓலசுண்ட் உறையில் டேப் வரவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், பிறகு கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தபால்தலை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அடேயப்பா! கொண்டு போனதுல முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்திருக்கே! நார்வே போயிட்டு இவ்வளவு மிச்சம் பிடிச்சவங்களை நான் பார்த்ததே இல்ல. எப்படிம்மா முடிஞ்சுது உங்களால?"

"நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான்" என்றேன்.