கண்ணாடிக் கடற்பஞ்சுக்கு உன் பேர்

என் ஆசை அண்ணே,

உன் பேர் அச்சில் வந்துவிட்டது. ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் இருந்த வேலுச்சாமி என்ற பேர், இப்போது ஒரு கடல் உயிரின் லத்தீன் பேரோடு சேர்ந்திருக்கிறது. ஆராய்ச்சிப் பத்திரிகை நேற்றுத்தான் தபாலில் வந்தது.

எண்பத்தாறு தீபாவளிக்கு நீ கப்பலிலிருந்து வந்தது ஞாபகம் இருக்கா? ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலில், வலைக் கம்பியைச் சுற்றி இழுக்கிற விஞ்ச் ஓட்டுகிற வேலை உனக்கு. கடலடியிலிருந்து நீ இழுத்துப் போடுவதில் ஆபீசர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் திரும்பக் கடலுக்கு. அந்த மிச்சத்திலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, வேட்டியில் சுற்றி, ராஜபாளையம் வரைக்கும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். வெள்ளை இழையில் பின்னிய கூடு மாதிரி, ஒரு முழ நீளம்.

"ஏட்டி பார்வதி, ஒனக்குன்னுதான் கொண்டாந்தேன். என்னன்னு சொல்லு பாப்போம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் விலங்கியல் நடத்த ஆரம்பித்த புதுசு. தலைக்கனம். கையில்கூட வாங்கவில்லை. "கண்ணாடிக் கடற்பஞ்சுண்ணே. எல்லா மியூசியத்துலயும் இருக்கு" என்றேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். நீ அதை மதினியிடம் கொடுத்தாய். மதினி ஷோகேஸில் வைத்தார்கள்.

நாலாம் வருசம், கப்பல் ஏறப் போன தூத்துக்குடியிலேயே உனக்கு நெஞ்சுவலி. நாங்கள் வந்து சேர்வதற்குள் போய்விட்டாய்.

பொறவு அந்த ஷோகேஸ் பக்கம் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால், பாடத்துக்காகக் கடற்பஞ்சுப் படங்களைப் புரட்டினேன். அன்றைக்கு உன் கையில் பார்த்த ஞாபகத்தில், நம் வீட்டில் இருப்பதன் அடியில் தொங்கும் நார் எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஓடினேன். நகமளவு துண்டு வேண்டும், அமிலத்தில் கரைத்துப் பார்க்கவேண்டும் என்று மதினியிடம் கேட்டேன்.

மதினி ஷோகேஸை மறைத்து நின்றுகொண்டார்கள். "கரைக்கவா? அவிய குடுக்கயில நீ தொட்டுக்கூடப் பாக்கல. இப்ப ஒடைக்க வாரியா?"

"தப்புதான் மதினி. அண்ணன்கிட்ட சொல்ல வழியில்ல. ஒங்ககிட்ட சொல்லுதேன்."

மதினி ஷோகேஸைத் திறந்தார்கள். பொறவு தன் கையாலேயே ஓரத்தில் ஒடித்துத் தந்தார்கள்.

ஒட்டியிருந்த சதை கரைந்து கண்ணாடி ஊசிகள் மட்டும் மிஞ்சின. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு கதிர். சிலவற்றின் நுனியில் பல் வைத்த சின்னக் குடைகள். அப்படி ஒன்றை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. மாசக்கணக்காக அளந்தேன், வரைந்தேன், தெரிந்த இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். புது இனமேதான் அண்ணே! ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று சொல்லாமல் எழுதவே முடியாது. யாரைக் கேட்பேன்?

மதினி ட்ரங்குப் பெட்டியிலிருந்து உன் கடிதங்களை எடுத்தார்கள். என் கையில் தரவில்லை. நடுவில் சில வரிகளை வெட்கச் சிரிப்போடு தாண்டித் தாண்டி, அவர்களே வாசித்தார்கள். ஒன்றில் இருந்தது: "பார்வதிக்கு ஒரு சாமான் கிடைத்திருக்கிறது. எந்த இடம் என்று கட்டாயம் கேட்பாள். மேலே போய் ஆபீசரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்." கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி.

நான் கேட்பேன் என்று நினைத்திருக்கிறாய். நான் கேட்கவே இல்லையே அண்ணே. எம்புட்டு அழுதேன் தெரியுமா?

புது இனத்தின் மூல மாதிரியை மியூசியத்தில் ஒப்படைக்கவேண்டும். கல்கத்தாவுக்கு அனுப்பணும் என்று சொல்லத்தான் எனக்குப் பயம். சொன்னதும் மதினி ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"எடுத்தது யாருன்னு எழுதுவியா? அவிய பாத்த வேலையும் சேத்து?"

"சேகரித்தவர்: வேலுச்சாமி, விஞ்ச் ஆபரேட்டர்" என்று எழுதினேன். இனத்துக்கும் உன் பேரையே வைத்தேன். தான் வேலை பார்க்கிற பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டிலிருந்து துணி வாங்கிவந்து, சுற்றிச் சுற்றிப் பெட்டியில் வைத்தது மதினிதான். மூடுமுன் ஒரு தடவை தடவிப் பார்த்தார்கள்.

வருகிற மே மாசம் மதினியைக் கல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வெளியாட்களுக்குத் திறக்காத அறையாம்; எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். அது இருக்கும் டிராயரை இழுத்து, இது என்ன, யார் கொண்டுவந்தது என்று அங்குள்ளவர்கள் கேட்டால், சத்தியமாக நான் வாயைத் திறக்கமாட்டேன். மதினி சொல்லட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
பார்வதி