பின்பக்கம் காலியாகப் போன தாள்

இன்று காலை மருமகள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நெயில் பாலிஷ் புட்டியைக் கூடத்து மேசையில் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வாடை சமையலறை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஸ்டென்சிலில் தப்பாக விழுந்த எழுத்தை மூட நாம் தடவுவோமே, அந்தச் சிவப்புத் திரவத்தின் வாடை அது. தடவிவிட்டு நீ குனிந்து ஊதுவாய். முழுக்கக் காய்வதற்குள் அவசரப்பட்டு எழுதி, தாளைக் கிழித்து, என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

புட்டியை மூடி வைத்தேன். அப்புறம் சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. வேறொன்றும் ஆகவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு எப்போதும் அவ்வளவுதான் ஆகிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் அந்த ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். மூன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு, 'பி' பிரிவு உனக்கு. நடுவில் ஒரு தட்டி. நீ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. இப்போது நான் குடியிருக்கும் வேங்கிக்காலில் அன்றைக்கு வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகள்தான் இருந்தன.

பெற்றோர் கூட்டம் என்று ஒன்று நடத்தினோம், ஞாபகம் இருக்கிறதா? பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்தோம். வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர், தாலுகா ஆபீஸ் எது என்று கேட்டார். எனக்குக் கோபம். நீ பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னாய்: "அவங்க எப்பிடிடி வருவாங்க? பூ கட்டற நேரம், மாடு கறக்கற நேரம். நாமளும் வீடு வீடா போவ முடியாது. ஒரு தாளாவது போவட்டும்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமைத் தாள் ஆரம்பித்தது. தேரடித் தெருவில் உன் அண்ணன் டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். அங்கே கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இருந்தது. தமிழ் டைப் மெஷின் இல்லாததால், மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் நாமே எழுதினோம். முன்பக்கம் வகுப்புச் செய்தி. பின்பக்கம் வீட்டுக் கணக்கு. நான் சுற்றுவேன், நீ தாளை எடுத்து விசிறியடியில் காய வைப்பாய். உன் அண்ணன், "டைப் கத்துக்க வர்ற பொண்ணுங்கள விட நீங்க ரெண்டு பேர்தான் இங்க ஜாஸ்தி இருக்கீங்க" என்பார்.

செய்தியில் நீ கண்டிப்பு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதி, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பிள்ளைகள்தான் வீட்டில் படித்துக் காட்டப் போகிறவர்கள், அவர்களுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பாய். "நாம் நட்ட பீர்க்கன் விதை முளைத்தது." "ராஜேந்திரனுக்குப் பல் விழுந்தது." "சுமதி எட்டாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள்." இதைப் படித்துவிட்டு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. "எங்க புள்ள பேரு எந்த வாரம் வருங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் அதற்கு வந்தார்கள்.

கணக்கு இன்னும் விசேஷம். பென்சில் இல்லாத வீட்டிலும் போடும்படி இருக்க வேண்டும் என்றாய். அம்மா உலையில் எத்தனை ஆழாக்கு அரிசி போடுகிறார், விருந்தாளி இரண்டு பேர் வந்தால் எத்தனை போடுவார்? கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் இத்தனை, நிற்பவர்கள் இத்தனை, மொத்தம் எவ்வளவு? பிள்ளை தனியாகப் போடக் கூடாது, வீட்டில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் போட வேண்டும் என்று அடியில் எழுதுவாய்.

ஒரு வாரம், வீட்டில் எல்லோருடைய வயதையும் கேட்டுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாய். திங்கட்கிழமை காலையிலேயே உன் வகுப்பு தேவகியின் அம்மா அலமேலு வந்துவிட்டாள். கோபுரத்தடியில் பூ விற்கிறவள். பூக்கூடை இடுப்பில் இருந்தது.

"டீச்சர், எம் வயசு என்னானு போடட்டும்? எனக்குத் தெரியாதுங்க."

நீ அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாய். "வயசுக்கு வந்தப்ப என்னா வயசு?"

"பதினாலுனு எங்கம்மா சொல்லும்."

"கல்யாணம் எப்ப?"

"அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சிங்க. இவ பொறந்தது அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சி."

நீ கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாய். கடைசியில் தேவகியின் எட்டைச் சேர்த்தாய். தேவகியே கூட்டிச் சொன்னாள்: இருபத்தாறு.

அலமேலு பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இருபத்தாறுதானா? நான் கெழவியாயிட்டேன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்."

"எனக்கும் இருபத்தாறுதான்" என்றாய் நீ.

அவள் உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். உன் கஞ்சி போட்ட சேலையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி உனக்கும் எனக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். நீ நாள் முழுக்க அதைத் தலையில் வைத்திருந்தாய்.

அந்த வருடம் தீபத் திருவிழாவுக்குப் பள்ளி மூடியிருந்தது. திறந்த அன்று உன் கண் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன், சரியாகிவிடும் என்றாய். இரண்டு நாளில் நீ எழுந்திருக்கவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது உன் அண்ணனிடம், "அவகிட்ட தாளை நிறுத்த வேணாம்னு சொல்லு" என்றாயாம். அதுதான் நீ எனக்குச் சொல்லியனுப்பிய கடைசிப் பேச்சு. அதற்கடுத்த வாரம் உன்னை வண்டியில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உன் வீட்டுக் கூடத்தில் பெண்களோடு நின்றேன். முகம் மட்டும் தெரிந்தது. ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருத் திரும்பியதும் எல்லோரும் அழுதார்கள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் அவ்வளவு செருப்புகள், ஒன்றின்மேல் ஒன்று. அவற்றை ஜோடி சேர்த்து வைக்கத் தொடங்கினேன். நீ அம்மி என்று கூப்பிட்டதால் நானும் அம்மி என்றே கூப்பிட்ட உன் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "கண்ணு காஞ்சி கெடக்கே. அழுதுடும்மா. உள்ள வெச்சா ஜாஸ்தி ஆவும்." எனக்கு வரவில்லை. வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். நடுத் தட்டியை எடுத்துவிட்டு இரண்டு பிரிவையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். தலைமை ஆசிரியையை நாம் பெரிய டீச்சர் என்போம். அவர் உன் பிள்ளைகளிடம், டீச்சர் லீவில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். கெட்ட எண்ணமில்லை, பயந்துவிடுவார்கள் என்றுதான். அதனால் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், நீ போட்ட கணக்குக்கு நான் சரி போடக் கூடாது என்று ஸ்லேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தேவகி மட்டும் தலை நிமிரவில்லை. அவள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பெரிய டீச்சரிடம் போய், தாளில் போடப் போகிறேன் என்றேன்.

"கொழந்தைங்க படிக்கற தாள்ல சாவு சேதியா போடுவாங்க?"

"அவங்க வீட்டுக்குப் போற தாள் இது ஒண்ணுதாங்க டீச்சர். லீவுனு எத்தினி நாள் சொல்றது?"

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "அழுவுங்களே."

"அழுவட்டுங்க. வீட்ல இருக்கறப்ப அழுவட்டும். பக்கத்துல யாராவது இருப்பாங்க."

அவர் வருகைப் பதிவேட்டை இழுத்து வைத்துப் புரட்டத் தொடங்கினார். நான் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். உன் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஸ்டென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலமானார் என்றால் மூன்றாம் வகுப்புக்குப் புரியாது. மறைந்தார் என்றால் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று கேட்பார்கள். நீ சொன்னபடி ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதியாக எழுதினேன். "டீச்சருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலூரில் வைத்தியம் பார்த்தார்கள். சரியாகவில்லை. டீச்சர் இறந்துவிட்டார். இனி வகுப்புக்கு வர மாட்டார். அவருக்கு உங்கள் எல்லோரையும் பிடிக்கும்." கடைசி வாக்கியத்தில் பிடித்திருந்தது என்று மாற்ற வேண்டுமோ என்று யோசித்தேன். மாற்றவில்லை.

பின்பக்கத்துக்கு ஒரு கணக்கும் தோன்றவில்லை. இரண்டும் இரண்டும் என்று எழுதக்கூடக் கை போகவில்லை. காலியாகவே விட்டேன். நானே சுற்றி, நானே எடுத்து, நானே காய வைத்தேன். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போலத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முகங்கள் வீங்கியிருந்தன. யாரும் டீச்சர் எப்போது வருவார் என்று கேட்கவில்லை. தாள்களை வாங்கி அடுக்கும்போதுதான் பார்த்தேன். பாதிக்கு மேல் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. கணக்கு இல்லாததைப் பார்த்துவிட்டு வீட்டிலிருப்பவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஜட்கா ஓட்டுகிற ஒருவர், ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நாலு நடை போனால் குதிரைக்கு எத்தனை கட்டுப் புல் என்று போட்டிருந்தார். ஒரு வீட்டில் எருமைப்பால், ஒரு வீட்டில் செங்கல். உன் கணக்குகளைப் போலவே இருந்தன. சில உன் கணக்குகளைவிடக் கடினம்.

தேவகியின் தாள் அடியில் இருந்தது. அலமேலு சொன்னதை அவள் அப்படியே பேச்சு மாறாமல் எழுதியிருந்தாள். "எனக்கு இருபத்தாறு. டீச்சருக்கும் இருபத்தாறு. அடுத்த தீபத்துக்கு எனக்கு எவ்ளோ. டீச்சருக்கு எவ்ளோ."

விடை எழுதவில்லை.

சிவப்பு மையை எடுத்து எல்லாத் தாள்களுக்கும் சரி போட்டேன். தேவகியின் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட நல்ல கணக்குனு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். எந்த டீச்சர் என்று அவள் கேட்கவில்லை.

வருடக் கடைசி வரை தாள் போட்டேன். பின்பக்கத்தில் அவர்கள் அனுப்பிய கணக்குகளையே ஒவ்வொன்றாக, போட்டவர் பெயரோடு எழுதினேன். பிறகு எனக்குக் கீழ்பென்னாத்தூருக்கு மாற்றலாயிற்று. அங்கே மெஷின் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்பேனா தெரியாது. கல்யாணமானது, மகன் பிறந்தான். உன்னைப் பற்றி வீட்டில் கேட்டால், கூட வேலை பார்த்தவள், காமாலையில் போய்விட்டாள் என்பேன். குரல் மாறாது. மனசு கல் என்று என் மாமியார் ஒருமுறை சொன்னார். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரம்ஜானுக்கு ரம்ஜான் அம்மியைப் பார்க்கப் போவேன். அவர் பேச மாட்டார், சேமியாவைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். நம் ஊர் தனி மாவட்டமான வருடம் அவரும் போனார். வயதானவர், தூக்கத்திலேயே போய்விட்டார். எல்லோரும் நல்ல சாவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அவர் காலருகில் உட்கார்ந்தேன். அடுத்த நிமிடம் என்ன ஆனதென்று தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். அங்கிருந்த பெண்கள் மிரண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ, "இந்தம்மா யாரு, சொந்தமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அடக்க முடியாமல் வெளியே வந்தேன்.

உன் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது அவளுக்கும் சேத்துதானேம்மா?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். பொய் சொல்ல மனமில்லை.

"இல்லண்ணா. இது அம்மிக்கு. அவளுக்கு இன்னும் வரல."

அவர் தலையை ஆட்டினார். இன்றைக்கும் என் பதில் அதுதான். வரும் என்று காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். உனக்கென்று ஒதுக்கிய இடத்தில் அந்த அழுகை அசையாமல் கிடக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டுதான் சமைக்கிறேன், துவைக்கிறேன், வேங்கிக்காலிலிருந்து பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன்.