ஆட்சி வந்த மறுவாரம் எடுத்த படம்

மார்ச் 4

என் அக்கா பெற்ற தங்கத்துக்கு,

மாமா எழுதுகிறேன். நர்ஸ் பயிற்சிக்குப் போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பாப்பா உன் அம்மாவிடம் சமர்த்தாக இருக்கிறாள். என்னைக் கண்டால் மட்டும் அழுகிறாள். மீசையின் கம்பீரம் அப்படி.

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் நாட்டுப் பொருளாதாரம் எனக்கு அத்துப்படி. இரண்டு வருஷம் முன்னால் நம் கட்சி ஜெயித்தது. மறுவாரமே நம் அட்டைப்பெட்டிப் பட்டறை வாசலில் லாரி வரிசை. கடைசி லாரி அடுத்த ஊரில் நின்றது. அப்போது எடுத்த படத்தைத்தான் ஆபீஸில் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு நகல் வைத்திருக்கிறேன், பார். ஒரு கூட்டத்தில் தலைவரே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டத்தில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள், அது வேறு.

இப்போது இரண்டு மாதமாக ஒரு லாரியும் இல்லை. ஆட்சியோ அதேதான். அப்படியென்றால் கோளாறு பட்டறைக்குள்ளே. நம்மிடம் வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டது எதிர்க்கட்சிக்கு. டீ குடிப்பதும் அவர்களோடுதான். போன வாரம் பசை வாளியை மோந்து பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு? ஸ்டோர் சாவியை வாங்கி வைத்துவிட்டேன். மாசக் கடைசியோடு அவரை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் நல்லதுக்கே நினைக்கும்
மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

படத்தைப் பார்த்தேன். மூன்றாவது லாரி பக்கத்தில் நிற்பவர் என் வீட்டுக்காரர். வலது கையில் மாவுக்கட்டு.

உங்கள் மிஷினில் அவர் கை மாட்டினபோது நான் ஏழு மாதம். பாப்பாவை முதன்முதலில் இடது கையால்தான் தூக்கினார். உங்கள் கட்சி ஜெயித்த தேர்தலுக்கு அந்தப் பாப்பா தத்தித் தத்தி நடந்துதான் நம்மோடு ஓட்டுச்சாவடிக்கு வந்தாள். அவள் விரலிலும் மை வைக்கச் சொல்லி நீங்கள் ஆபீசரிடம் வம்பு பண்ணினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? படம் எடுத்தபோது உங்கள் கட்சி எதிர்க்கட்சி, மாமா.

லாரி வந்தது பிஸ்கட் கம்பெனி திறந்ததால். நின்றது அவர்கள் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினதால். அவர் உங்களிடம் இரண்டு தரம் சொன்னாராம். "எதிர்க்கட்சிப் பேச்சு பேசாதீங்க மாப்பிள்ளை" என்றீர்களாம். பசை புளித்துப்போயிருந்தது, மோந்து பார்த்தார். அவ்வளவுதான்.

நான் அவரிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. நிறுத்துவதென்றால் நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் சாவியைக் கொடுங்கள்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 16

அம்மா தங்கம்,

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முழுக்கைச் சட்டையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு போட்டோக்காரன் மேல் சந்தேகம் வந்தது. அவன் யாருக்கு ஓட்டுப் போட்டவனோ. கடைசியில் பிஸ்கட் கம்பெனிக்கே நேரில் போனேன். வாசலில் ஒருவர் எழுந்து சல்யூட் வைத்தார். வாட்ச்மேன்தான், இருந்தாலும் சல்யூட் சல்யூட்தானே. உள்ளே பிளாஸ்டிக் பெட்டி மலை மாதிரி. அதைச் செய்து கொடுப்பவர் யார் என்று விசாரித்தேன். நம் கட்சிக்காரராம்.

திரும்பி வந்ததிலிருந்து மூன்று நாளாக மாப்பிள்ளை வேலைக்கு வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை என்கிறாய். சாவியைக் கேட்டு வாங்கினபோதே புரிந்துகொண்டிருப்பார்.

படத்தைக் கழற்றிவிட்டேன். அதே ஆணியில் சாவி தொங்குகிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல். குளிருக்கு அந்தக் கை இன்னும் வலிக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

அதையும் நீயே கேட்டு எழுதேன்.

மாமா