எட்டு இதழுக்கும் ஒரே இடைவெளி

19 நவம்பர் 1973, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. க.இ. மத்தியானம் வரை. (க.இ. = கரண்ட் இல்லை. தினமும் முழுசாக எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.) ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கு மட்டும் லீவு இல்லை.

செய்ய வேண்டியவை:
1. கணக்கு வீட்டுப்பாடம். யாரைப் பார்த்து என்பது முடிவாகவில்லை.
2. மண்ணெண்ணெய் க்யூ.
3. அண்ணனுக்கு ஒரு பாடம்.

மூன்றாவதை முதலில் முடித்தேன்.

காரணம் உண்டு. நேற்று கபாலி அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் தெரு கேரம் கிளப்புக்கு அவர்தான் செகரட்டரி. புது போர்டில் முதல் அடி நான் அடிக்கட்டுமா என்று கேட்டேன். என் கூடப் பிறந்த அந்தோணி அண்ணன் அவர் எதிரிலேயே, "பொண்ணுங்க தொட்டா காயின் நவுராது, பிலோ. அப்பால போ" என்றான். கபாலி அண்ணன் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

கிளப்புக்காக அண்ணன் செய்கிற அந்த போர்டுதான் வீட்டில் இப்போது எல்லாமே. நடுவில் சாயம் பூசாமல், ஈட்டி மரத்தில் எட்டு இதழ் வெட்டிப் பதிக்க வேண்டிய பூ. ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் ஆட்கள் ஆட வருகிறார்கள். பூ சரியாக அமைந்தால் மற்ற கிளப்புகளும் அண்ணனிடம் கேட்கும் என்கிறார் கபாலி அண்ணன். அமையாவிட்டால் திங்கட்கிழமை அண்ணன் எண்ணூரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். நைனா பேசி முடித்துவிட்டார். பூ வெட்டுகிற மெஷினையும் விற்றுவிட வேண்டும். அண்ணனுக்கு இருபத்து நாலு வயது. வாட்ச்மேனாகப் போகிறவனிடம் ஒரு வாட்ச் கூடக் கிடையாது. (சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.)

இரண்டு வருஷம் முன்பு ஹார்பரில் சரக்கு இறக்கும்போது இரும்புக் கயிற்றில் அண்ணனின் வலது கை மாட்டியது. இரண்டு விரல் சரியாக மடங்காது. குளிர் நாளில் கை லேசாக நடுங்கும். மூட்டை தூக்க முடியாது. பெயர்ப் பலகைக் கடை ஒன்றை மூடும்போது இந்த மெஷினை வாங்கி வந்தான். நான் வைத்த பெயர் கொக்கு. மடங்கி நீளும் இரும்புக் கைகள். ஒரு முனையில் ஊசி, இன்னொரு முனையில் சுழலும் கத்தி. ஊசியைப் பித்தளை அச்சின் ஓரமாக நகர்த்தினால், கத்தி அதே வடிவத்தைப் பாதி அளவில் மரத்தில் வெட்டும். முதலில் அச்சின் உள் ஓரமாகச் சுற்றி, போர்டில் பள்ளம். அப்புறம் வெளி ஓரமாகச் சுற்றி, அதற்குள் உட்காரும் துண்டு. விரலால் தடவினால் சேர்ந்த இடம் தெரியக் கூடாது. மற்றவர்கள் செய்வது உழைப்பு, அண்ணன் செய்வது இழைப்பு.

ஊசி இரண்டு. பள்ளம் வெட்டத் தடி ஊசி, சிவப்புப் பொட்டு. துண்டு வெட்ட மெல்லிய ஊசி, நீலப் பொட்டு. வித்தியாசம் மயிரிழை. பொட்டை வைத்துத்தான் அடையாளம். சிவப்பு என் நெயில் பாலீஷ், நீலம் படகுக்கு அடிக்கும் பெயிண்ட். இரண்டையும் சுரண்டிவிட்டு மாற்றி வைத்தேன்.

அண்ணன் எப்போதும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்ப்பான். பொருந்தாது. மண்டையைச் சொறிவான். அரை மணி நேரம் எனக்கு சினிமா. அவ்வளவுதான்.

20, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. தெரு முழுக்க மீன் வாடையும் சேறும்.

பள்ளியிலிருந்து வந்தால், போர்டில் எட்டுப் பள்ளமும் வெட்டியாகிவிட்டது. கழிவுத் துண்டில் இல்லை. போர்டிலேயே.

"வெட்டிப் பாக்கலியா நீ?"

"நேத்து பாதி நாள் கரண்டு இல்ல. இன்னிக்கும் புடுங்கிட்டா இன்னா பண்றது? நேரா எறங்கிட்டேன்." போர்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "பாரு பிலோ. கை ஆடவே இல்ல."

பள்ளம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தி உருண்டை என்பதால் இதழ்களின் நுனி மட்டும் மழுங்கல். மற்றபடி படம் போல. ரொம்ப நாள் கழித்து அவன் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தேன். சொல்ல வாய் திறந்தேன். அம்மா மண்ணெண்ணெய் டின்னை நீட்டினாள்.

திரும்பி வந்தபோது அவன் டீக்கடையில். பொட்டுகளைப் பழையபடி மாற்றிவிட்டேன். குறும்பு ரத்து. துண்டாவது சரியான ஊசியில் வெட்டப்படும்.

க்யூவில் கேட்டது: "எம்மா, உன் டின்னு ஓட்டடி, பாதி ரோட்டுக்கே ஊத்திகினு போற." பதில்: "ரோடு தாகமா கீது, நீ போய்கினே இரு."

21, புதன்

சாம்பார், முட்டைக்கோஸ். சாப்பிடவில்லை.

அண்ணன் எட்டு இதழையும் வெட்டினான். முதல் இதழைப் பள்ளத்தில் வைத்தான். உள்ளே போயிற்று. தட்ட வேண்டியதே இல்லை, தானாகப் போயிற்று. விரலால் தள்ளினால் இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டாவது. மூன்றாவது. எட்டும்.

நான் கதவோரம். பள்ளம் பெரிதாகிவிட்டது. பொட்டைத் திருப்பி வைத்தேன், பள்ளத்தைத் திருப்பி வைக்க முடியாது. இழைக்கும் பிழைக்கும் நடுவே ஒரே ஒரு எழுத்து. வேறு நாளாக இருந்தால் இதை நினைத்து நானே சிரித்திருப்பேன்.

அண்ணன் இதழ்களைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நைனா வந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், எதையும் உயரத்திலிருந்து பார்த்துப் பழக்கம். குனிந்து ஒரு இதழை ஆட்டிப் பார்த்தார். "இன்னாடா இது?"

"கை ஆடிட்ச்சி நைனா."

நைனா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வுடு நைனா. உன் தப்பா அது" என்று மட்டும் சொன்னார். மகனை நைனா என்று கூப்பிட்டால் அவருக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம்.

அண்ணன் கொக்கின் மேல் சாக்கைப் போட்டு மூடினான். "திங்கக்கிழம வரேன்னு குடோன்ல சொல்லிடு" என்றான்.

22, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாம். பொட்டு, சுரண்டியது, திருப்பி வைத்தது.

அண்ணன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான், இடது கையால். நிமிரவே இல்லை.

"எனக்காவ உடான்ஸ் வுடாத, பிலோ."

"மெய்யாலுமே ண்ணா. மாதா மேல சத்தியம்."

"போன மாசம் ஹெட்மிஸ்ட்ரஸ் மண்டைய போட்டாங்கன்னு மாதா மேல சத்தியம் பண்ணி லீவு எட்த்தியே. அதே மாதாவா?"

நான் ஊசிகளைக் கொண்டு வந்து காட்டினேன். சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் எந்தக் குற்றமும் இல்லாமல் இருந்தன. நன்றாக வைத்திருக்கிறேன், பாவி.

அம்மாவிடம் போனேன். அம்மா என் தலையைத் தடவி, "அண்ணன் மேல உனுக்கு எம்மா பாசம்டி" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

நான் இதுவரை விட்ட உடான்ஸ், நினைவில் இருக்கிற அளவு: ஹெட்மிஸ்ட்ரஸ் சாவு. காசிமேட்டில் திமிங்கலம் ஒதுங்கியது (கபாலி அண்ணன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்). அம்மாவுக்கு லாட்டரி. எல்லாவற்றையும் நம்பினார்கள். நிஜத்தை நம்ப ஆள் இல்லை.

பழைய இரும்புக்காரர் சனிக்கிழமை மெஷினைப் பார்க்க வருகிறாராம்.

23, வெள்ளி

பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே மேரியின் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதினேன். கணக்கு டீச்சர் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். "பஸ்ல எழுதினதுதானே இது? கோடு ஒரு இடத்துல உள்ள போகுது, ஒரு இடத்துல வெளியே குதிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஆடினால் இப்படித்தான் வரும். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். சுற்றிலும் ஒரே அளவாக யாரும் ஆட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் போர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஒரு இதழைப் பள்ளத்தில் வைத்து, அதைச் சுற்றி இருந்த இடைவெளியில் பஸ் டிக்கெட்டை வெட்டிச் செருகினேன். இந்தப் பக்கம் ஒரு டிக்கெட். அந்தப் பக்கம் ஒரு டிக்கெட். நடு வயிற்றில், நுனிக்குப் பக்கத்தில், எங்கேயும் ஒன்று நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை. சுற்றிலும் செருகியதும் இதழ் ஆடாமல் நின்றது.

அடுத்த இதழ். அதற்கும் ஒன்று. எட்டுக்கும் ஒன்றே ஒன்று. டிக்கெட் போதாமல் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்தும் எடுத்தேன்.

அண்ணன் இன்று ராத்திரி மாமா வீட்டில். நாளைக்கு. வாயால் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. என் வாய்க்கு மதிப்புப் போய்விட்டது.

24, சனி

வெயில். எல்லா மாடியிலும் துணி.

அண்ணன் வந்ததும் போர்டை அவன் மடியில் வைத்து, ஒரு துண்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தேன்.

"இன்னா இது, எங்க போறதுக்கு டிக்கெட்டு?"

இதழின் ஓரத்தை விரலால் மட்டும் காட்டினேன். எனக்கே ஆச்சரியம்.

செருகிப் பார்த்தான். எடுத்தான். கொஞ்சம் தள்ளிச் செருகினான். முதல் இதழைச் சுற்றி வந்து, இரண்டாவதற்குப் போனான். ஐந்தாவது இதழில் அவன் கை வேகமாகிவிட்டது. எட்டாவதையும் முடித்தான். அப்புறம் வலது கையை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினான். புதன்கிழமை பார்த்த மாதிரி இல்லை.

"ஆடல" என்றான். என்னிடம் இல்லை.

பிறகு என்னிடம்: "ஊசிய நெஜமாவே மாத்துனியா?"

"ம்."

"எப்ப திருப்பி வச்ச?"

"செவ்வாக்கெழம. நீ டீ குடிக்கப் போனப்ப."

தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டான். "தடி ஊசி போட வேண்டிய எடத்துல மெல்லிசு போட்டா, அச்சுக்குள்ள இன்னும் ஓரமா போவும். பள்ளம் பெருசு. மெல்லிசு போட வேண்டிய எடத்துல தடிய போட்டா, அச்சுக்கு வெளிய தள்ளி சுத்தும். துண்டும் அதே அளவு பெருசு." சாக்பீஸை வீசினான். "நீ மாத்துனத மாத்துனபடியே வுட்டிருந்தா ஸோக்கா பொருந்திருக்கும். நல்லவளாவப் பாத்து கெட்த்தியே."

இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். பாதியில் பயந்துபோய்த் திருத்தியதுதான் கெடுத்தது. முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இரண்டில் எந்த வழியும் சரியாக இருந்திருக்கும்.

ஈட்டி மரம் ஒரு முழம்தான் மிச்சம். தப்பான ஊசியைப் போட்டு, தெரிந்தே, புது இதழ் வெட்டினான். கழிவுத் துண்டில் முதலில். நுனியை அரத்தால் மழுக்கி, சுத்தியல் பிடியால் ஒரு தட்டு. காற்று சீறும் சத்தத்தோடு உள்ளே இறங்கியது. டிக்கெட் இல்லை, சிகரெட் தாள் கூட நுழையாது.

இரும்புக்காரர் வந்து வாசலில் நின்றார். "இதானா மெஷினு?" அண்ணன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது இல்ல. வேற வூடு" என்றான். அந்த மனிதர் நிஜமாகவே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். குறும்பு என் பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை.

ராத்திரிக்குள் எட்டும் ஒட்டியாயிற்று.

25, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்ததும் மேட்ச். கிளப் அறைக்குள் பெண்களை விட மாட்டார்கள். நானும் மேரியும் ஜன்னலில்.

பவுடர் தூவி, கபாலி அண்ணன் ஒரு காயினைப் பூவின் மேல் மெதுவாகத் தள்ளினார். எங்கேயும் தடுக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. திரும்பவும் தள்ளினார். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பெயிண்டாப்பா இது?" என்றார்.

"மரம் மாமு, மரம்" என்றார் கபாலி அண்ணன், தானே வெட்டியது போல.

எங்கள் தெரு தோற்றது. போர்டு மேல் பழி போட முடியாத தோல்வி. திருவொற்றியூர்க்காரர்கள் போகும்போது அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு நைனா உள்ளே போனார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் பூவைத் தடவினார். இரண்டு சுற்று.

சாப்பிடும்போது கேட்டார். "நல்லாத்தானே கீது. அப்ப புதங்கெழம இன்னாத்துக்கு ஆடுச்சி?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தான். "ஊசி மாறிட்ச்சி நைனா."

"எப்டி மாறும்?"

"மாறிட்ச்சி."

அவன் அதோடு விட்டிருப்பான். அம்மா ரசம் ஊற்றினாள். நானும் விட்டிருக்கலாம்.

"நான்தான் மாத்துனேன் நைனா. வேணும்னே."

நைனா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கன்னத்தில் ஒன்று, இடது கையால்தான், வலது கையில் சோறு. அம்மா "ஐயோ, அவ சும்மா சொல்றா" என்றாள்.

"சும்மா சொல்லல" என்றார் நைனா. அண்ணன் பக்கம் திரும்பி, "நாளைக்கு குடோனுக்கு நான் போய்கினு வரேன். ஆளு இல்லன்னு சொல்லிட்டு" என்றார். தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார்.

கன்னம் எரிகிறது. மூன்று விரல் தெளிவாகத் தெரிகிறது, கண்ணாடியில் எண்ணினேன். நம்பிவிட்டார்.