உறவுக்காரர் இல்லாத மிசின்

மார்ச் 3, 2010. புதன்.

வெயில். காற்று இல்லை. வயல் வட்டையில் சூடடிப்பு. உடம்பெல்லாம் நெற்சுணை. குளித்துவிட்டு எழுதுகிறேன்.

காரில் புதிதாக ஒரு மஞ்சள் லைட் வந்தது, எஞ்சின் படம் போட்டது. வாங்கி இன்றைக்குப் பதினோராம் நாள். பெற்றோல் முள்ளும் சரியில்லை. தொட்டி நிறைய அடித்தேன். காரைதீவு தாண்ட முள் விழுந்து படுத்துவிட்டது. நிந்தவூரில் தானாக எழும்பி நின்றது.

விற்றவர் அட்டாளைச்சேனை ஆதம்பாவா. புடவைக்கடை. (நீளமான பெயரைச் சுருக்கி எழுதலாம் என்று போன கிழமை முதியோர் எழுத்து வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இனி ஆ.பா. கைக்கு நல்ல சுகம்.) ஆ.பா.வின் மகன் சியாமுக்குத்தான் எங்கள் கடைக்குட்டி றிஸ்னாவைப் பேசியிருக்கிறோம். 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வருகிறார்கள். அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான் காரையும் வாங்கினேன். சுபைதாவின் முழங்கால் இனி பஸ் படி ஏறாது.

தேத்தண்ணிக் கடையில் சின்னலெவ்வை சொன்னது:

"இது சுனாமிச் சாமான் காக்கா. கடல்ல கிடந்தத எடுத்துக் கழுவிப்போட்டு விக்கிறானுகள். வயருக்குள்ள உப்பு இரிக்கும். அஞ்சாறு வருசம் போய்த்தான் காட்டும்."

சுனாமிக்கு இது ஆறாம் வருசம். சரியாகத்தான் வருகிறது. காரில் ஏமாற்றினால் காரைத் திருப்பிக் கொண்டுபோய் விடலாம். பிள்ளையைக் கொடுத்த பிறகு?

மார்ச் 4. வியாழன்.

வெயில். கோழி ஒன்றைக் காணவில்லை. (பிறகு வந்தது.)

காரை யாரிடம் காட்டுவது? யோசித்து எழுதியது:

கல்முனைப் பெரிய கராஜ் – ஆ.பா.வின் தங்கச்சி மகன்.
நிந்தவூர்க் கராஜ் – ஆ.பா.வின் குடி. தாய்வழியில் ஒரே ஆக்கள்.
மருதமுனை – என் மச்சினன். றிஸ்னாவைத் தன் மகனுக்குக் கேட்டவன். நல்ல காரையும் கெட்ட கார் என்பான்.
பெரியநீலாவணைத் தமிழ் மெக்கானிக் பாஸ் – நேர்மையான மனிசன். தீபாவளிக்கு ஆ.பா.விடம்தான் புடவை எடுக்கிறார்.

எழுதி முடித்து வாசித்தேன். இந்தக் கரையில் யாருக்கும் ஒன்றுமில்லாத ஆள் ஒருவர்கூட இல்லை.

றிஸ்னா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், இங்கிலீசும் வாசிப்பாள். அவள்தான் சொன்னாள், வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஒரு மிசின் இருக்கிறதாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொக்கற். அதில் கொழுவினால் கார் தன் குறையைத் தானே சொல்லும். பெயர் ஸ்கேனர். இதை எழுத மூன்று தரம் அழித்தேன். மூன்றாவது அழகாக வந்திருக்கிறது.

மிசினுக்குத் தங்கச்சி மகன் இல்லை. குடி இல்லை. வாங்கத்தான் வேண்டும்.

மார்ச் 6. சனி.

காலையில் சின்னத் தூறல். உடனே விட்டுவிட்டது.

கல்முனை உதிரிப்பாகக் கடை. கேட்க வேண்டியவற்றைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனேன்:
1. பதினாறு ஓட்டைச் சொக்கற்றுக்குப் பொருந்துமா.
2. இலக்கம் மட்டும் காட்டுமா, சொல்லாகவும் காட்டுமா.
3. கார் ஓடும்போது உள்ளே நடப்பதைக் காட்டுமா.
4. போலியா.

கடைக்குள் நின்று, நாலு பேருக்கு முன்னால், என் எழுத்தை நானே வாசித்துக் கேட்டேன். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. கண்ணாடியைத் துடைப்பதுபோல் கொஞ்சநேரம் நின்றேன், சந்தோசத்தில்.

விதைநெல்லைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. மிசினையும் அப்படித்தான். கடைக்குள் போகுமுன் பொனற்றைத் திறந்து, காற்றுப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த வயர்த் தலையொன்றைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். என் பொய்யைக் கண்டுபிடிக்கிற மிசின் நல்ல மிசின்.

கடைக்காரன் முதலில் கேட்டது நான் எந்த ஊர், எந்தக் குடி என்று. சொன்னேன். ஆ, ஆதம்பாவா ஹாஜியார் சம்மந்தம் செய்யிற வீடா என்றான். இவனும் சரிவரான்.

கைக்குள் அடங்குகிற சின்ன மிசின். கொழுவினான். ரெண்டு இலக்கம் வந்தது. புத்தகத்தைப் புரட்டினான்.

"எஞ்சின் கொம்பியூட்டர் முடிஞ்சிரிக்கி காக்கா. என்னட்ட ஆள் இரிக்கான், மாத்தித் தருவான்."

நான் கழற்றிய வயருக்குக் கொம்பியூட்டர் முடிந்ததாம். மிசின் உண்மையைத்தான் பிடித்தது. அதை எனக்குச் சொன்ன வாய்தான் பொய். அத்தோடு இன்னொன்றும் காட்டினான், ஒரு பட்டனை அமத்தினால் மஞ்சள் லைட் அணைந்துவிடுமாம். கார் விற்கிறவர்கள் கட்டாயம் கேட்டு வாங்குகிறார்களாம். ஆ.பா.வும் அணைத்துவிட்டுத்தான் விற்றாரோ? பத்து நாள் வராத லைட், பதினோராம் நாள் வந்தது ஏன்?

வாங்கவில்லை. இலக்கம் மட்டும் காட்டுகிற மிசின் வாங்கினால் அதை வாசிக்கிறவனையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மார்ச் 8. திங்கள்.

சுபஹு தொழுது உடனே அம்பாறை. அங்கே எங்கள் ஆக்களுக்கு உறவில்லை. கடைக்காரர் சிங்கள ஆள், தமிழ் கொஞ்சம் வரும். மறுபடியும் அந்த வயரைக் கழற்றிவிட்டுப் போனேன்.

மேசையில் மூன்று மிசின் வைத்தார். சின்னது இலக்கம் மட்டும். நடுவானது சொல்லும் காட்டும், கார் ஓடும்போது உள்ளே நடப்பதையும் காட்டும். பெரியது கலர்ப் படம், வருசா வருசம் கொம்பியூட்டரில் கொழுவிப் புதுப்பிக்க வேண்டும். நடுவானதைக் கொழுவினார். வாசித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொனற்றைத் திறந்து நேரே அந்த வயரில் விரல் வைத்தார்.

"மாமா, இது தானா கழரல்ல. ஆரோ கழட்டின."

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

வயரைக் கொழுவி, அழித்துவிட்டு, காரைக் கிளப்பி அந்தப் பக்கம் ஒரு சுற்று ஓடிவந்தார். ஒரு குறை போய்விட்டது. மற்றது திரும்ப வந்தது. பெற்றோல் தொட்டியைச் சேர்ந்ததாம். விட்டு விட்டு வருகிற குறையாம். அப்படிப்பட்டது பத்து நாளும் ஒளிந்திருக்கும், ஒரு மாதமும் ஒளிந்திருக்கும் என்றார். பிறகு நேரே கேட்டேன், இது சுனாமியில் கிடந்த காரா என்று. அதை எந்த மிசினும் சொல்லாது, மிசினுக்கு வயர் இன்றைக்குச் சொல்வது மட்டும்தான் தெரியும் என்றார். சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்க்கட்டுமாம். கடல் ஏறியிருந்தால் உள்ளே சுருண்டு கிடக்கிற துண்டில் சேற்றுக் கோடு நிற்கும்.

நடுவானதை வாங்கினேன். பெரியது வீட்டுக்குத் தேவையில்லை என்று அவரே தடுத்தார். விலை கூடியதை விற்க வேண்டாம் என்கிற யாவாரி. ஏன்? வீடு வரும்வரை யோசித்தேன். பிடிபடவில்லை.

வழியில் சோதனைச் சாவடி. போன வருசம் சண்டை முடிந்ததிலிருந்து கையைக் காட்டி விட்டுவிடுவார்கள். இன்றைக்கு ஆமிக்காரப் பொடியன் சீற்றில் கிடந்த பெட்டியையும் அதிலிருந்து தொங்குகிற வயரையும் கண்டுவிட்டான். முகம் மாறிவிட்டது. "மேக்க மொகக்த சீயா?" இது என்ன என்று கேட்டான். இறங்கச் சொன்னான். நானே சொக்கற்றில் கொழுவிக் காட்டினேன், திரையில் எழுத்து வந்தது. அவனும் குனிந்து வாசித்தான். நானும் குனிந்து வாசிப்பதுபோல் நின்றேன், இங்கிலீசில் ஒரு எழுத்தும் தெரியாமல். போகச் சொன்னான்.

மார்ச் 9. செவ்வாய்.

புழுக்கம். சுபைதாவுக்குக் கால்வலி.

நாலு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்தேன். சுத்தம். கோடு இல்லை. பெல்ட்டைப் புதிதாக மாற்றியிருந்தால்?

பின்னேரம் மிசினைக் கொழுவினோம். றிஸ்னா வாசித்தாள், தொட்டியில் பெற்றோல் எவ்வளவு என்று சொல்கிற வயரில் குறையாம். நான் கேட்டுக்கொண்டேன். அவள் தேத்தண்ணி வைக்க உள்ளே போனதும் திரையிலிருந்த இங்கிலீஸ் எழுத்துகளைப் படம் வரைவதுபோல் இந்தக் கொப்பியில் வரைந்தேன். பிறகு மிசினோடு வந்த புத்தகத்தில் அந்த இலக்கத்தைத் தேடி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒன்றும் பிசகவில்லை. அவள் சொன்ன பொருள் சரியா என்று அடுத்த வளவு ரீச்சரிடமும் காட்டினேன். சரிதான்.

திரும்பி வந்தால் றிஸ்னா வாசலில் நிற்கிறாள்.

"என்ன வாப்பா, நான் பொய் வாசிச்சனா?"

கொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் அந்த வீட்டுக்குப் போக இருக்கிறவள். அவளும் இனி ஆ.பா.வின் ஆள்தானே.

பிறகு ஒரு அற்புதம். ஓடும்போது காட்டுகிற பக்கத்தில் பெற்றோல் அளவு இலக்கமாக நிற்கிறது. 62. எனக்கு இலக்கம் தெரியும்! மிசினை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன். றிஸ்னாவைக் காரை அங்கங்கே தட்டி அமத்தச் சொன்னேன். 62, 62, 61. பின் சீற்றில் கை வைத்து அமத்தினாள். 0. கையை எடுத்தாள். 62. மறுகாவும் அமத்தச் சொன்னேன். 0. குறை பின் சீற்றுக்குக் கீழே. இந்தச் சின்னப் பெட்டி என்னோடு நேரே கதைக்கிறது, நடுவில் ஒருவரும் இல்லை. பத்துத் தரம் அமத்தச் சொல்லியிருப்பேன். மஃரிபுக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 10. புதன்.

பின் சீற்றைக் கழற்றினேன். கீழே ஒரு வயர்த் தலை. பச்சையாகப் பூத்திருக்கிறது. சுற்றிவர வெள்ளையாகத் தூள். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நான் நினைத்தது சரி. முதலில் அதுதான் வந்தது, நான் நினைத்தது சரி என்று ஒரு கெட்ட சந்தோசம். பிறகு வாசற்படிக்கு வந்தேன். சுபைதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், கடல் குடித்த காரை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார், நாளைக்கு ஆள் அனுப்பிச் சம்மந்தத்தை நிற்பாட்டப் போகிறேன் என்று. அவள் றிஸ்னாவைப் பார்த்தாள்.

றிஸ்னா சொன்னாள்:

"கடல் தண்ணி இல்ல வாப்பா. மீன் தண்ணி."

சுனாமியில் ஆ.பா.வின் கடை முழுதாகப் போனது எங்களுக்குத் தெரியும். பிறகு கொழும்பில் புடவை எடுத்து ஊர் ஊராக விற்றார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இல்லையாம். பின் சீற்றை மடித்து ஐஸ் பெட்டி ஏற்றி, கரையிலிருந்து அம்பாறைக்கு மீன் கொண்டுபோய் விற்றிருக்கிறார், ரெண்டு வருசம். புடவைக்கடை ஹாஜியார் மீன் விற்றார் என்றால் பிள்ளைகளுக்குப் பெண் கேட்கும்போது ஊர் கதைக்கும் என்று கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லவில்லையாம்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

நிலத்தைப் பார்த்தாள். "சியாம் சொன்னாரு. போன்ல. அவரு என்னட்ட மறைக்கல்ல வாப்பா. நான்தான் உங்கட்ட மறைச்சன். இத வெச்சிக் கலியாணத்த நிப்பாட்டாதீங்க."

போனில் எவ்வளவு நாளாக? கேட்கவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 11. வியாழன்.

வெயில். கருவாட்டுக் குழம்பு.

பச்சை பிடித்த தலையை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டேன். ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினேன். சீற்றை எவ்வளவு அமத்தினாலும் 60. லைட் வரவில்லை. எழுபது வயதில் என் கையால் திருத்திய முதல் கார்.

ஆனால் மனம் ஆறவில்லை. மீனை மறைத்தவர் வேறு எதை மறைத்தார்? சுபைதாவிடம் இதைச் சொல்லப்போக, வாங்கிக் கட்டினேன்.

"றிஸ்னாட வாப்பா, கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வந்திட்டன், நீங்க வாசிச்சிச் சொல்லுங்க எண்டு எத்தின வருசம் ஊரெல்லாம் சொன்னீங்க? அப்ப உங்களுக்குக் கண்ணாடியே இல்ல."

உண்மை. பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன். முப்பது வருசம். நான் எழுத்தறியாதவன் என்று என் மூத்த மருமகனுக்கே போன வருசம்தான் தெரியும்.

எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

மார்ச் 12. வெள்ளி.

ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார்கள். ஆ.பா., அவர் மனைவி, அவர் கூடப்பிறந்த மூத்த காக்கா, இன்னும் ரெண்டு பெண்கள். வட்டிலப்பம் நன்றாக வந்தது.

மீன் கதையை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆ.பா.தான் கேட்டார், கார் எப்படி ஓடுது என்று. நல்லா ஓடுது, பின் சீற்றடியில் ஒரு வயர் மாத்தின என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மூத்த காக்கா என்ன வயர் என்றார். ஒன்றுமில்லை, பழைய வயர் என்றேன்.

ஆ.பா. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மூத்தவரைப் பார்த்துத்தான் சொன்னார்:

"வயர் பழசில்ல காக்கா. மீன் தண்ணி. ரெண்டு வருசம் அந்தக் கார்லதான் கீரி மீன் ஏத்தி வித்தன்."

மூத்தவர், நீ கொழும்புக்குப் புடவைக்குப் போறன் எண்டுதானே சொன்ன என்றார். கடையே இல்லாதவனுக்கு என்ன புடவை என்றார் ஆ.பா. அவர் கை சாரன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஐஸ் எங்கே எடுத்தீங்க என்று கேட்டேன்.

சொன்னார். எங்கே எடுத்தார், எத்தனை மணிக்கு ஏற்றினார், மரத்தூளுக்குள் வைத்தால் எவ்வளவு நேரம் கரையாமல் நிற்கும், மழைக்காலத்தில் எந்த ஊரில் என்ன மீன் போகும். ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கதையெல்லாம் வந்தது. மூத்தவரும் சிரித்துவிட்டார், அந்த நாளில் இவன் மேல் ஒரு வாடை வரும், அத்தர் ஏன் இவ்வளவு பூசுகிறான் என்று யோசிப்பேன் என்று. அஸர் தொழுகை வரைக்கும் மீன்தான் கதைத்தோம். நாள் குறிக்க வந்ததை மூன்று ஆம்பிளைகளும் மறந்துபோனோம்.

உள்ளே பெண்களோடு இருந்த சுபைதா எட்டிப் பார்த்து, நாள் குறித்தாயிற்று, துஆ ஓதுங்கள் என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்ததுபோல் அவ்வளவு சுருக்காக எப்படி முடிந்தது?

அவர்கள் போனபிறகு சுபைதாவிடம் கேட்டேன், இந்த மீன் கதை உனக்கும் முதலே தெரியுமா என்று.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.